மூணு ஒண்ணு மூணு ஆகல: எக்ஸூபெரா இன்ஹேலர் விழுந்த கதை

2006ல அமெரிக்காவுல ஒரு மருந்து வந்துச்சு, அதோட லேபிள்ல ஒரு எச்சரிக்கை. 1 எம்ஜி பாக்கெட் மூணை அடுத்தடுத்து இழுத்தா அது ஒரு 3 எம்ஜி பாக்கெட்டுக்கு சமம் கிடையாது, மாத்தி எடுக்காதீங்க. முதல் தடவை படிச்சப்ப பிரிண்டிங் மிஸ்டேக்னுதான் நினைச்சேன். மிஸ்டேக் எல்லாம் இல்லங்க. மூணு சின்ன பாக்கெட் எடுத்தா ரத்தத்துல ஏறுற இன்சுலினோட உச்சம் ஏறக்குறைய 30% கூட, மொத்தமா ஏறுறது 40% கூட. இன்சுலின் 40% கூடப் போச்சுன்னா என்ன ஆகும்னு வீட்ல சுகர்காரங்க இருக்கிற யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல, வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும், சமயத்துல மயக்கம் வரைக்கும் போயிடும்.

மருந்து பேரு எக்ஸூபெரா. மூச்சு வழியா இழுக்கிற இன்சுலின் பவுடர், இந்த வகையில முதல்ல அனுமதி வாங்கினது இதுதான். 2006 ஜனவரி 27ல அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி கொடுக்கிற எஃப்டிஏ ஓகே சொல்லிச்சு, அதே மாசம் ஐரோப்பாவும் ஓகே சொல்லிச்சு. பின்னாடி நிக்கிறது பைசர் மாதிரி ஒரு யானை, வருஷத்துக்கு 200 கோடி டாலர் வரைக்கும் விக்கும்னு எதிர்பார்ப்பு. 2007 அக்டோபர் 18ல கடையைக் கட்டிட்டாங்க. அந்த வருஷம் முதல் ஒன்பது மாசத்துல வித்தது 1 கோடியே 20 லட்சம் டாலர், நஷ்டக் கணக்குல எழுதினது 280 கோடி டாலர்.

நான் ஃபார்மசி படிச்சுட்டு பவுடர் இன்ஹேலர் லேப்ல சில வருஷம் குப்பை கொட்டினவன், அதனால இந்த கேஸ் மேல எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. இதைப் பத்தி யார் பேசினாலும் ஒரே பாட்டுதான் பாடுவாங்க, டிவைஸ் பெருசா இருந்துச்சு, பாக்க கஞ்சா இழுக்கிற குழாய் மாதிரி இருந்துச்சு, ஹோட்டல்ல நாலு பேர் முன்னாடி எடுக்க வெக்கமா இருந்துச்சு, அதான் ஊத்திக்கிச்சுன்னு. பெருசுதான், இல்லங்கல. ஆனா என் கட்சி வேற. மெஷின் அதோட வேலையைச் செஞ்சுச்சு, சொல்லப்போனா அந்தக் காலத்துக்கு அபாரமா செஞ்சுச்சு. "அளந்து கொடுக்கிற டோஸ்"னு சொன்னாங்கல்ல, அதுல அளவு யாரோட அளவுங்கிற இடத்துலதான் கோட்டை விட்டாங்க.

பவுடரை ஊதுறதுல என்ன கஷ்டம்?

எங்கம்மாவுக்கு வீசிங். ரோட்டாகேப் போடுவாங்க. கேப்ஸ்யூலை அந்த ப்ளாஸ்டிக் குழாயோட சதுர ஓட்டையில சொருகி, அடிப்பாகத்தை ஒரு திருகு திருகினா கேப்ஸ்யூல் ரெண்டா பிரிஞ்சு பவுடர் உள்ள கொட்டும், வாயில வச்சு ஒரே இழுப்பு, மூச்சைப் புடிச்சு பத்து எண்ணணும். முடிச்சுட்டு வெளிச்சத்துல தூக்கிப் பாப்பாங்க. உள்சுவத்துல வெள்ளையா கொஞ்சம் ஒட்டியிருக்கும். "பாதி இங்கயே நிக்குதேடா"ம்பாங்க, இன்னொரு இழுப்பு இழுப்பாங்க. நாக்குல லேசா தித்திக்குதும்பாங்க. அந்தத் தித்திப்பு மருந்து இல்ல, லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை. கேப்ஸ்யூல்ல இருக்கிறதுல பெரும்பங்கு அதுதான், மருந்து மைக்ரோகிராம் கணக்குல கொஞ்சூண்டு.

எதுக்கு லாக்டோஸ்னா, நுரையீரலோட அடி வரைக்கும் போகணும்னா துகள் 1லருந்து 5 மைக்ரானுக்குள்ள இருக்கணும். அதை விடப் பெருசா இருந்தா தொண்டை வளைவுல மோதி அங்கயே உக்காந்துடும், ரொம்பச் சின்னதா இருந்தா வெளிமூச்சோட திரும்பி வந்துடும். தலைமுடி தடிமன் சுமாரா 70 மைக்ரான்னு வச்சுக்கிட்டா அளவு புரியும். அவ்ளோ நைஸா அரைச்ச பவுடர் சொன்ன பேச்சு கேக்காது. வெறும் பச்சரிசி மாவுல கோலம் போட்டுப் பாருங்க, விரல்ல அப்பிக்கும், கட்டி கட்டியா விழும், இழை வராது, அதுக்குத்தான் கொஞ்சம் கல்லு மாவு கலப்பாங்க, அப்போ சரசரன்னு இறங்கும். லாக்டோஸ்தான் இங்க கல்லு மாவு. பெரிய லாக்டோஸ் துகள் மேல மருந்து துகள் ஒட்டிக்கிட்டு வரும், நாம இழுக்கிற மூச்சு வேகத்துல மருந்து பிச்சுக்கிட்டு உள்ள போகணும், லாக்டோஸ் வாயிலயும் தொண்டையிலயும் தங்கிடணும். ஒட்டவும் ஒட்டணும், இழுத்ததும் பிரியவும் பிரியணும், இது ரெண்டுக்கும் நடுவுலதான் இந்தத் தொழிலே நடக்குது.

பிரிக்கிற சக்தி எங்கருந்து வருதுன்னா பேஷன்ட்டோட மூச்சுலருந்து. இங்கதான் வில்லங்கம். நல்லா இருக்கிறவன் வேகமா இழுப்பான், வீசிங்ல திணர்றவங்க மெதுவா இழுப்பாங்க, அதாவது மருந்து யாருக்கு ரொம்பத் தேவையோ அவங்களுக்குத்தான் கம்மியா போகும். லேப்ல இதை டெஸ்ட் பண்ண இம்பாக்டர்னு ஒரு கருவி இருக்கு, காத்து ஒவ்வொரு கட்டமா திரும்பித் திரும்பிப் போக, பெரிய துகள் முதல் கட்டத்துலயே விழுந்துடும், சின்னது கடைசி வரைக்கும் போகும். டிவைஸ் வழியா 4 கிலோபாஸ்கல் அழுத்த வித்தியாசத்துல 4 லிட்டர் காத்து இழுத்து, ஒவ்வொரு கிண்ணத்தையும் கழுவி எவ்ளோ மருந்துன்னு பாக்கணும். ஒரு ரன் போட்டு கழுவி முடிக்கிறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சிடும். இதுல வேடிக்கை என்னன்னா அதே பேட்ச், அதே டிவைஸ், அடைமழை நாள்ல ஒரு ரிசல்ட் வரும், ஏசி நல்லா ஓடி ரூம் காய்ஞ்சு கிடக்கிற நாள்ல இன்னொண்ணு வரும். ஈரம் இருந்தா பவுடர் ஒட்டும், காய்ஞ்சா ஸ்டாட்டிக் கரண்ட் ஏறி ப்ளாஸ்டிக்ல ஒட்டும். எப்படியும் ஒட்டும்.

எஃப்டிஏ 1998ல விட்ட வரைவு வழிகாட்டுதல்படி, பத்து டோஸ்ல குறைஞ்சது ஒன்பது டோஸ் லேபிள்ல போட்ட அளவுக்கு கூட்டியோ குறைச்சோ 20%க்குள்ள இருக்கணும், எதுவுமே 25% தாண்டக் கூடாது. கேட்டா தாராளமா தெரியும், இம்பாக்டர் முன்னாடி உக்காந்தவனுக்குத்தான் அது எவ்ளோ இறுக்கம்னு தெரியும். வீசிங் மருந்துக்கு இந்த ஏத்த இறக்கம் பெருசாத் தெரியாது, சால்பூட்டமால் கொஞ்சம் கூடினா நெஞ்சு படபடன்னு அடிக்கும், கொஞ்சம் குறைஞ்சா இன்னொரு இழுப்பு. இன்சுலினுக்கு அப்படி விட முடியுமா?

இடைல ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன், இந்த கேஸுக்கு நேரடியா சம்பந்தம் இல்ல ஆனா சொல்லாம இருக்க முடியல. மூச்சால இயங்குற பவுடர் இன்ஹேலரை பெரிய அளவுல பரப்பினது ஸ்பின்ஹேலர், அதுக்குப் பின்னாடி இருந்தவர் ரோஜர் ஆல்டூன்யன்னு ஒரு டாக்டர். ரெண்டாம் உலகப்போர்ல பிரிட்டிஷ் விமானப்படையில பைலட்டுகளுக்கு சொல்லிக் கொடுத்தவர், அவருக்கே ஆஸ்துமா, மருந்தைத் தன் மேலயே டெஸ்ட் பண்ணிப் பண்ணிப் பாத்தவர். கேப்ஸ்யூலை ஒரு குட்டி ப்ரொப்பெல்லர்ல மாட்டினார், இழுத்தா சுத்தும், சுத்தினா பவுடர் சிதறும். விமானத்துல பாத்ததை வாய்க்குள்ள கொண்டு வந்துட்டார் மனுஷன். அப்பயும் சக்தி பேஷன்ட் மூச்சுதான்.

மூச்சை நம்பாத மெஷின்

இன்சுலினை மூச்சு வழியா கொடுக்கலாமேங்கிற யோசனை இன்சுலின் வந்த கொஞ்ச வருஷத்துலயே, 1920கள்லயே ஜெர்மனியில ட்ரை பண்ணது. நுரையீரல் காத்துப் பைகளை எல்லாம் விரிச்சா ஒரு பெரிய வீட்டோட தரை அளவுக்கு வரும், சுவர் ரொம்ப மெல்லிசு, அடுத்த பக்கம் ரத்தம், யாருக்குத்தான் ஆசை வராது. ஆனா அப்போ போனதுல பெரும்பகுதி வீணாச்சு, டோஸை நம்ப முடியல, அப்படியே கிடப்புல போட்டாங்க. 1990ல கலிஃபோர்னியாவுல ஜான் பேட்டன், ராபர்ட் ப்ளாட்ஸ்னு ரெண்டு பேர் இன்ஹேல் தெரப்யூடிக் சிஸ்டம்ஸ்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க, பின்னாடி 2003ல நெக்டர்னு பேர் மாத்திக்கிட்டது இதுதான். 1995ல பைசர் கூட கைகோத்தாங்க. ஆரம்பத்துலருந்து அனுமதி வரைக்கும் எண்ணிப் பாத்தா பதினாறு வருஷம்.

அவங்க எடுத்த முடிவு ரொம்பத் துணிச்சலானது, பேஷன்ட் மூச்சை நம்பவே கூடாது. பவுடரைப் பிரிக்கிற வேலை மெஷினோடது, பேஷன்ட் சும்மா மெதுவா இழுத்தா போதும்.

முதல்ல பவுடரை மாத்தினாங்க. அரைக்கிறதே இல்ல. இன்சுலின், மானிட்டால், க்ளைசின், சோடியம் சிட்ரேட் எல்லாத்தையும் தண்ணில கரைச்சு சூடான காத்துல பீச்சி அடிச்சு காய வச்சாங்க, பால் பவுடர் பண்றாங்களே அதே ஸ்ப்ரே ட்ரையிங். லாக்டோஸ் மாதிரி பெரிய சுமைதாங்கி துகளே கிடையாது, வர்ற ஒவ்வொரு துகளும் உள்ள போற சைஸ். துகள் படிகமா இல்லாம கண்ணாடி நிலையில இருக்கும். கல்கண்டுக்கும் குச்சி மிட்டாய்க்கும் உள்ள வித்தியாசம்தான், கல்கண்டு படிகம், குச்சி மிட்டாய் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குள்ள இன்சுலின் அசையாம மாட்டிக்கும், அதனால ஃப்ரிட்ஜ் வேண்டாம், ரூம்லயே வச்சுக்கலாம். இன்சுலின்னாலே ஃப்ரிட்ஜ்னு இருக்கிற உலகத்துல இது சாதாரண சாதனை இல்ல. ஆனா குச்சி மிட்டாயை மழைக்காலத்துல பிரிச்சு வச்சா என்ன ஆகும்? பிசுபிசுன்னு ஆயிடும்ல, இந்தப் பவுடருக்கும் ஈரம்தான் எமன். அதான் ஒவ்வொரு டோஸும் தனித்தனி ஃபாயில் பாக்கெட், அதுக்கு மேல இன்னொரு உறை, உறையைப் பிரிச்சா மூணு மாசத்துக்குள்ள தீக்கணும்.

அடுத்தது டிவைஸ். மூடி இருக்கிறப்ப ஒரு கண்ணாடிக் கூடு சைஸ், மேல இழுத்து நீட்டினா சுமார் ஒரு அடி நீளம், மேல் பாதி முழுக்க கண்ணாடி மாதிரி தெரியுற ப்ளாஸ்டிக் அறை. பாக்கெட்டை அடியில ஒரு ஸ்லாட்ல சொருகணும். கைப்பிடியை வெளிய இழுத்து திரும்ப டிக்னு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்கணும், சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரி ஒரு அடி, அவ்ளோதான், பேட்டரி கிடையாது. பட்டனை அழுத்தினா பாக்கெட் குத்துப்பட்டு அடைச்சு வச்ச காத்து பயங்கர வேகத்துல பவுடரை அள்ளிக்கிட்டு அறைக்குள்ள பீச்சும். உள்ள ஒரு வெள்ளைப் புகைமூட்டம் அப்படியே நிக்கும், கண்ணால பாக்கலாம். உடனே வாய்ப்பகுதியைத் திருப்பி மெதுவா ஆழமா இழுக்கணும், அஞ்சு செகண்ட் மூச்சைப் புடிக்கணும். இழுத்ததும் புகை காணாமப் போயிடும்.

எனக்கு இந்த டிசைன்ல ரொம்பப் பிடிச்சது அந்த நிக்கிற புகைதான். மருந்து ரெடியாயிடுச்சா, உள்ள போயிடுச்சான்னு பேஷன்ட் கண்ணே சொல்லிடும். எங்கம்மா குழாயை வெளிச்சத்துல தூக்கிப் பாக்குறாங்கள்ல, அந்த சந்தேகத்துக்கு இங்க இடமே இல்ல. பீச்சி அடிக்கிறதும் இழுக்கிறதும் தனித்தனி வேலையானதால மூச்சு வேகம் டோஸைக் கெடுக்காது. அந்தப் பெரிய அறை முட்டாள்தனத்தால வந்தது இல்ல, புகை நிக்க இடம் வேணும், அதுக்கு அந்த சைஸ் வேணும். கேலி பண்ணவங்க யாரும் இதைச் சொல்றதில்ல.

பராமரிப்பு மட்டும் கொஞ்சம் ஓவர்தான். அறையை வாரத்துக்கு ஒரு தடவை சோப்பு போட்டுக் கழுவி காத்துல காய விடணும், பவுடரைப் பீச்சுற சின்னப் பாகத்தை ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா மாத்தணும், மொத்த டிவைஸை வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். இன்சுலின் பேனாவுக்கு ஊசி மாட்டி டயலைத் திருப்பிக் குத்துறதுக்கு பத்து செகண்ட் ஆகுமா?

கணக்கு இடிச்ச இடம்

சரி, இப்போ லேபிள் நம்பருக்கு வருவோம். 1 எம்ஜி பாக்கெட்ல மொத்தப் பவுடர் 1.7 எம்ஜி, அதுல இன்சுலின் 1 எம்ஜி. வாய்ப்பகுதியை விட்டு வெளிய வர்றது 0.53 எம்ஜி. அதுல நுரையீரலுக்குப் போற அளவு நைஸான துகள் 0.4 எம்ஜி. 3 எம்ஜி பாக்கெட்ல பவுடர் 5.1 எம்ஜி, வெளிய வர்றது 2.03 எம்ஜி, நைஸ் துகள் 1.0 எம்ஜி.

நிதானமா பாருங்க, பெரிய பாக்கெட் சின்னதை விட நல்லாவே காலியாகுது, மூணுல ரெண்டு பங்கு வெளிய வந்துடுது, சின்னதுல பாதிதான். ஆனா வெளிய வந்ததுல நைஸா பிரிஞ்சது சின்னதுல முக்கால் பங்கு, பெருசுல பாதி. ஏன்னா ரெண்டுக்கும் அதே ஒரு பம்ப் காத்துதான். என் கணிப்பு என்னன்னா ஒரே அடி காத்து மூணு மடங்கு பவுடரை உடைக்கணும்னா ஒவ்வொரு எம்ஜிக்கும் கிடைக்கிற சக்தி மூணுல ஒண்ணாயிடுது, கட்டிகள் முழுசா உடையல. ஆக 0.4ஐ மூணால பெருக்கினா 1.2, பெரிய பாக்கெட் தர்றது 1.0. லேப்லயே 20% இடிக்குது, ரத்தத்துல பாத்தா 40%.

இஞ்சினியரிங் கண்ணுல பாத்தா இது குறையே இல்ல. ஒவ்வொரு பாக்கெட்டும் அதோட அளவை நம்பகமா தருது, திரும்பத் திரும்பத் தருது, எஃப்டிஏ கேக்கிறது அதைத்தான். ஆனா பேஷன்ட் பாக்கெட் மேல இருக்கிற நம்பரைக் கூட்டுவான். 1, 1, 1, மூணு. நாப்பது வருஷமா மளிகைக் கடையில அப்படித்தான் கூட்டியிருக்கான், இங்க மட்டும் கூட்டக் கூடாதுன்னா எப்படி? லேபிள்ல இன்னொரு வரி வேற இருந்துச்சு, 3 எம்ஜி பாக்கெட் தற்காலிகமா கிடைக்கலன்னா அதுக்குப் பதிலா 1 எம்ஜி ரெண்டு எடுத்துக்கோங்க, சுகரை அடிக்கடி டெஸ்ட் பண்ணிக்கோங்கன்னு. அதாவது 3க்கு பதிலா 2. சுகர் இறங்கினா ஏற்கனவே புத்தி மந்தமாகிற ஒரு வியாதிக்காரன் கையில இந்தக் கணக்கைக் கொடுத்திருக்காங்க.

இதுக்கு மேல யூனிட் குழப்பம். இன்சுலினை உலகம் முழுக்க யூனிட்லதான் பேசுறாங்க. "காலைல 12, நைட்டு 8"னு நம்மூர் பாட்டி கூட சொல்லும். எக்ஸூபெரா எம்ஜில வந்துச்சு. 1 எம்ஜி ஏறக்குறைய 3 யூனிட் ஊசிக்கு சமம், 3 எம்ஜி 8 யூனிட்டுக்கு சமம். மூணு மூணு ஒன்பதுதானே, இங்க எட்டு. 2 எம்ஜின்னா 6 யூனிட், 4 எம்ஜின்னா 11. நடுவுல ஒருத்தருக்கு 7 வேணும்னா? வழியில்ல. இன்சுலின் பேனால ஒவ்வொரு யூனிட்டா, சிலதுல அரை யூனிட் கூட ஏத்தி இறக்கலாம். இருபது வருஷமா யூனிட்லயே யோசிச்ச டாக்டர் இப்போ எடை பாத்து ஆரம்பிக்கணும், 60 கிலோலருந்து 80க்குள்ளன்னா சாப்பாட்டுக்கு முன்னாடி 3 எம்ஜி, 80லருந்து 100க்குள்ளன்னா 4. அப்புறம் தலைக்குள்ள யூனிட்டுக்கு மாத்தணும், மாத்தினதை பேஷன்ட்டுக்கு விளக்கணும். பத்து நிமிஷத்துல ஒரு பேஷன்ட் பாக்குற கிளினிக்ல இது நடக்குமா சொல்லுங்க.

இன்னொரு கணக்கும் உண்டு. 1 எம்ஜி இன்சுலின்னா உண்மைல 28 யூனிட் பக்கம் வரும். அதுல வேலை செய்யறது 3. மீதி எல்லாம் பாக்கெட்ல, மெஷின்ல, தொண்டையில, நுரையீரல்லயே போயிடுது. ஊசியில ஒரு பங்கு போதும்னா இங்க பத்து பங்கு இன்சுலின் தயாரிக்கணும், அதான் விலையும் ஊசியை விடக் கூடவே நின்னுச்சு. பிரிட்டன்ல மருந்துச் செலவை எடை போடுற நைஸ் (NICE) அமைப்பு 2006 டிசம்பர்ல எல்லாருக்கும் இதைக் கொடுக்க வேண்டாம்னு சொல்லிடுச்சு, ஊசின்னாலே நடுங்கிப் போற மாதிரி சிலருக்கு மட்டும் விதிவிலக்கு.

சரி, அவ்ளோ செலவுக்கு சுகர் கட்டுப்பாடாவது ஊசியை விட நல்லா இருந்துச்சான்னா இல்ல, ஊசிக்கு சமம், அவ்ளோதான். ஊசியாவது ஒழிஞ்சுதான்னா அதுவும் இல்ல. இது சாப்பாட்டு நேர இன்சுலின் மட்டும்தான், நாள் முழுக்க வேலை செய்யற இன்சுலின் தேவைப்படுறவங்க அந்த ஊசியைப் போட்டுத்தான் ஆகணும், விரல்ல குத்தி டெஸ்ட் பண்றதும் தொடரும். 1990ல இந்த ப்ராஜெக்ட் ஆரம்பிக்கும்போது ஊசி பெரிய பயம், அவங்க பதினாறு வருஷம் உழைச்சு வெளிய வர்றதுக்குள்ள ஊசி முடி மாதிரி மெல்லிசாயிடுச்சு, பேனா பாக்கெட்ல சொருகுற சைஸ் ஆயிடுச்சு. எதிரி இடத்தைக் காலி பண்ணிட்டுப் போனப்புறம் படையெடுத்து வந்த மாதிரி ஆயிப்போச்சு.

நுரையீரல் விஷயம் தனி. மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஸ்பைரோமெட்ரி, அதான் ஊதிப் பாக்குற டெஸ்ட், ஆறு மாசம் கழிச்சு ஒண்ணு, அப்புறம் வருஷா வருஷம். சுகர் டாக்டர் கிளினிக்ல அந்த மெஷின் எங்க இருக்கும்? ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு இருக்கிறவங்களுக்கு வேண்டாம்னுட்டாங்க. சிகரெட் பிடிக்கிறவங்களுக்கும் விட்டு ஆறு மாசம் ஆகாதவங்களுக்கும் கொடுக்கவே கூடாது, ஏன்னா புகை பிடிக்கிறவங்க நுரையீரல் இன்சுலினை ரெண்டுலருந்து அஞ்சு மடங்கு வரைக்கும் கூட உறிஞ்சுது. அதாவது ஒருத்தன் சிகரெட்டை விட்டுட்டு திரும்ப ஆரம்பிச்சா அவனோட டோஸே மாறிப்போகும். மெஷின் வாய்ப்பகுதி வரைக்கும் துல்லியமா அளந்து கொடுத்துச்சு, அதுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நுரையீரல் ஆளுக்கு ஆள் வேறயா இருந்துச்சு.

அப்புறம் நடந்தது

பைசர் 2006 ஜனவரியிலதான் பார்ட்னர் சனோஃபி அவென்டிஸோட பங்கையும் 130 கோடி டாலர் கொடுத்து வாங்கியிருந்தாங்க, அவ்ளோ நம்பிக்கை. கடையை மூடினப்ப மருந்துல பாதுகாப்புக் கோளாறுன்னு சொல்லல, டாக்டரும் பேஷன்ட்டும் ஏத்துக்கலன்னு சொன்னாங்க. நெக்டருக்கு 13 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்து கணக்கை முடிச்சாங்க. நெக்டர் வேற பார்ட்னர் தேடிக்கிட்டு இருக்கும்போதே 2008 ஏப்ரல்ல அடுத்த இடி. ட்ரையல்கள்ல எக்ஸூபெரா எடுத்த 4,740 பேர்ல 6 பேருக்கு நுரையீரல் கேன்சர், எடுக்காத 4,292 பேர்ல ஒருத்தருக்கு. எல்லாரும் முன்னாடி சிகரெட் பிடிச்சவங்க, எண்ணிக்கையும் சின்னது, மருந்தாலதான்னு இதை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அதுக்கப்புறம் யாரு பார்ட்னரா வருவாங்க? தேடுறதையே நிறுத்திட்டாங்க. அதே வருஷம் ஜனவரியில நோவோ நார்டிஸ்க் தன்னோட இன்ஹேலர் இன்சுலினைக் கைவிட்டுச்சு, மார்ச்ல லில்லியும். மூணு பெரிய கம்பெனி, ஆறே மாசம், மொத்தமும் முடிஞ்சுது.

விடாம நின்னது ஆல்ஃபிரட் மேன்னு ஒரு தொழிலதிபர், மேன்கைண்ட்ங்கிற அமெரிக்கக் கம்பெனி, தன் சொந்தப் பணத்தைக் கொட்டினவர். அவங்க கொண்டு வந்த இன்ஹேலர் இன்சுலின் அஃப்ரெஸா, அது வேற ரூட். டிவைஸ் விசில் சைஸ், உள்ளங்கைக்குள்ள மறைஞ்சிடும், பம்ப் கிடையாது, பேஷன்ட் மூச்சுதான் சக்தி. எக்ஸூபெரா மெஷின்ல வச்ச மூளையை இவங்க பவுடர்ல வச்சாங்க. எஃப்டிகேபின்னு ஒரு பொருள், அது அமிலத்துல தானாவே சேர்ந்து நுண்ணிய துகளாகும், இன்சுலின் அதுமேல ஒட்டிக்கும், நுரையீரலோட நடுநிலைத் தன்மையில பட்டதும் உடனே கரைஞ்சிடும். கால் மணி நேரத்துக்குள்ள இன்சுலின் ரத்தத்துல உச்சத்துக்குப் போயிடும், ஊசியில போடுறதை விட வேகம். முக்கியமா கார்ட்ரிட்ஜ் 4, 8, 12 யூனிட்னு வந்துச்சு, கலர் கலரா. மூணு 4 எடுத்தா 12, யாரும் புதுக்கணக்கு படிக்க வேண்டாம்.

அவங்களும் டிவைஸ் கிட்ட அடி வாங்கினவங்கதான். ட்ரையல் எல்லாம் பழைய டிவைஸ்ல பண்ணிட்டு, விக்கிறதுக்கு புதுசு ஒண்ணைக் கொண்டு வந்தாங்க. புது டிவைஸ் ஒழுங்கா பவுடரைப் பிரிச்சதால பழசுல 30 யூனிட் பவுடர் செஞ்ச வேலையை இதுல 20 செஞ்சுது. 2011 ஜனவரியில எஃப்டிஏ புது டிவைஸை வச்சு திரும்ப ட்ரையல் பண்ணிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிடுச்சு. அனுமதி 2014 ஜூன் 27ல. சனோஃபி விக்க வந்துச்சு, 2016 ஜனவரியில போதும்னு விலகிடுச்சு, அடுத்த மாசம் ஆல்ஃபிரட் மேன் இறந்துட்டார். கம்பெனி மட்டும் தட்டுத் தடுமாறி விக்கிறதைத் தொடர்ந்துச்சு. குட்டியா அழகா யூனிட்ல வந்த டிவைஸும் கூட்டம் கூட்டமா விக்கலங்கிறதால "சைஸ்தான் பிரச்சனை"ங்கிற கதை எனக்கு இன்னும் பிடிக்கல. ஸ்பைரோமெட்ரி இதுக்கும் உண்டு, ஆஸ்துமாக்காரங்களுக்கு மூச்சுக்குழாய் சுருங்கலாம்னு கட்டம் கட்டின எச்சரிக்கையும் உண்டு. கார்ட்ரிட்ஜைப் போட்டப்புறம் டிவைஸை சாய்க்கக் கூடாது, குலுக்கக் கூடாது, பவுடர் கொட்டிடும்.

சிப்லா 2018ல மேன்கைண்ட் கூட இந்தியாவுக்கு ஒப்பந்தம் போட்டுச்சு, 2024 டிசம்பர்ல இந்திய அனுமதியும் வந்துச்சு. எங்கம்மாவுக்கு சுகரும் இருக்கிறதால செய்தியைப் பாத்துட்டு "எனக்கு வாங்கலாமாடா"ன்னு கேட்டாங்க. வீசிங் இருக்கும்மா, உனக்கு ஆகாதுன்னேன். "அப்ப ரோட்டாகேப் மட்டும் இழுக்கலாமாக்கும்"னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. நானும் இங்க வர்ற பெட்டி மேல என்ன எழுதியிருக்கும்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். அமெரிக்க லேபிள்படி பிரிக்காத உறையை ஃப்ரிட்ஜ்ல வைக்கணும், வெளிய வச்சா பத்து நாள், உள் பட்டையைப் பிரிச்சா மூணு நாள். எக்ஸூபெராவோட குச்சி மிட்டாய் பவுடர் ஃப்ரிட்ஜே கேக்கல.